தனிக்குடித்தனத்துக்குப் பாத்திரம்: எதில் புளி, எதில் தோசை, எதில் பால்?

புது வீட்டுக்குப் பாத்திரம் வாங்கக் கிளம்புகிறவர்கள் கடையில் முதலில் பார்ப்பது பெட்டியைத்தான். கடாய், தவா, சாஸ்பேன், மூடி, கரண்டி என்று பத்துப் பன்னிரண்டு உருப்படிகள், எல்லாம் ஒரே பொருளில், ஒரே நிறத்தில். தனித்தனியாக வாங்குவதைவிட விலையும் குறைவு. ஆனால் நம் சமையலுக்கு இந்தப் பெட்டி ஒத்துவராது. ஒரு நாளில் நம் அடுப்பில் ஏறுகிறவற்றை வரிசையாக நினைத்துப் பாருங்கள்: காலையில் பால், பிறகு தோசை, பகலில் பருப்பு, புளி கரைத்துவிட்ட குழம்பு, ரசம், பக்கத்தில் ஒரு பொரியல். பால் அடிப்பிடிக்கும். தோசைக்குச் சூடு நிலையாக நிற்க வேண்டும். புளி உலோகத்தை அரிக்கும். பொரியலுக்கு எண்ணெய் பழகிய சட்டி வேண்டும். இத்தனையையும் ஒரே பொருள் சமாளிக்காது. அதனால் சமைக்கப்போகும் பண்டத்தைத் தீர்மானித்துக்கொண்டு அதற்கான உலோகத்தைத் தேடுவதே சரியான வரிசை. பெட்டி வாங்கியவர்கள் ஆறு மாதம் கழித்து அதில் மூன்றை மட்டும் புழங்கிக்கொண்டிருப்பதற்கும், தோசைக்கல் தேடித் திரும்பவும் கடைக்குப் போவதற்கும் காரணம் இந்த வரிசை தலைகீழானதுதான்.

சூடும் புளிப்பும்

ஒரு பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. அடுப்புச் சூட்டை அது எப்படிப் பரப்பும், புளிப்போடும் உப்போடும் எப்படி நடந்துகொள்ளும்.

உப்புமா அடிப்பிடித்த மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் கருகல் வட்டமாக, பர்னரின் அளவிலேயே ஒரு வளையமாக இருக்கும். தீ பட்ட இடம் மட்டும் கொதித்தது, ஒரு அங்குலம் தள்ளி இருந்த இடம் அதைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்று பொருள். எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மிக மந்தம். அதைவிட இரும்பு சுமார் 3 மடங்கும், அலுமினியம் சுமார் 15 மடங்கும், செம்பு சுமார் 25 மடங்கும் வேகமாகக் கடத்தும். மண்ணும், கல்சட்டி செதுக்கும் மாக்கல்லும் எவர்சில்வரைவிடவும் மந்தம். ஆனால் கனமாக இருப்பதால் ஏறிய சூடு சீக்கிரம் இறங்காது.

கடத்தும் வேகம் ஒன்று, பிடித்துவைக்கும் சூடு வேறு. பிடித்துவைப்பதற்கு எடைதான் முக்கியம். இரண்டு கிலோ தோசைக்கல்லில் குளிர்ந்த மாவை ஊற்றினாலும் கல் சற்றும் அசராமல் சூட்டைத் தந்துகொண்டே இருக்கும். முக்கால் கிலோ அலுமினியத் தவாவில் அதே மாவை ஊற்றினால் தவா குளிர்ந்துபோய், தோசை முறுகுவதற்குப் பதில் வெந்து வெளுக்கும்.

புளிப்பு விஷயத்தில் எவர்சில்வர், கண்ணாடி, மண், மாக்கல் ஆகியவற்றுக்குக் கவலை இல்லை. இரும்பு கரையும், உடம்புக்கு ஒத்ததுதான், ருசியும் நிறமும் மாறும். பூச்சில்லாத அலுமினியம் கரையும். செம்பும் பித்தளையும் புளியில் கரைந்தால் குமட்டல், வாந்திவரை கொண்டுபோகும். உள்ளே வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளி சேர்க்காத பழக்கம் இதனால்தான் வந்தது.

எவர்சில்வர்: எந்த எண், எவ்வளவு கனம்

குழம்பு, ரசம், பால், தயிர், கீரை என்று பாதிச் சமையல் எவர்சில்வரில்தான் நடக்கப் போகிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்த்து வாங்க வேண்டிய பொருள் இது.

இரும்போடு குரோமியம் சேர்ந்ததே எவர்சில்வர். மேற்பரப்பில் குரோமியம் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகி இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. 304 என்ற தரத்தில் குரோமியம் சுமார் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருப்பதால் 18/8 என்றும் அச்சிட்டிருப்பார்கள். 202 என்பதில் நிக்கல் பாதியளவே. மீதியை மாங்கனீசால் ஈடுகட்டியிருப்பார்கள். அதைவிட மலிவாக, நிக்கல் சுமார் ஒரு விழுக்காடே உள்ள ஜே4 என்ற வகையும் கடைகளில் நிறையப் புழங்குகிறது. தட்டு, தம்ளர், மாவு டப்பாவுக்கு 202 போதும். தினமும் புளியும் உப்பும் கொதிக்கும் பாத்திரத்துக்கு 304 கேட்டு வாங்குவது நல்லது. மலிவு வகையில் ஓரமடிப்பிலும் கைப்பிடி பற்றவைத்த இடத்திலும் முதலில் பழுப்புப் புள்ளி விழும்.

காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டவில்லை, அசல் 304" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அது நம்பத் தகுந்த சோதனை இல்லை. 202, ஜே4 இரண்டிலும்கூடக் காந்தம் ஒட்டாது. நிக்கலே இல்லாத 430 தரத்தில்தான் நன்றாக ஒட்டும். பாத்திரத்தின் அடியில் தர எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு இந்த முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை ஒன்றிய அரசு 2024 மார்ச் 14-இல் வெளியிட்டது. முத்திரையோடு இருக்க வேண்டிய இந்தியத் தரநிலை எண்கள்: எவர்சில்வருக்கு ஐஎஸ் 14756, அலுமினியத்துக்கு ஐஎஸ் 1660, பிரஷர் குக்கருக்கு ஐஎஸ் 2347. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். கடையில் நின்றபடியே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

தரத்துக்கு அடுத்தது கனம். எடைக்கு விற்கும் கடையில் மெல்லிய பாத்திரம் மலிவாகத் தோன்றும், ஆனால் அதில் பால் காய்ச்சினால் வாரம் இரண்டு நாள் சுரண்ட வேண்டியிருக்கும். இதற்கான தீர்வு டிரைப்ளை. உள்ளே 304, நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டும் 430 என்று மூன்று தகடுகளைச் சேர்த்து அழுத்தி உருவாக்குவது. நடு அலுமினியம் சூட்டைப் பரப்புகிறது, உள் எவர்சில்வர் புளியைத் தாங்குகிறது, வெளித்தகடு இண்டக்‌ஷன் அடுப்புக்கு உதவுகிறது. மொத்தக் கனம் சுமார் 2.5 மி.மீ. இருந்தால் நல்லது.

இதில் ஒரு வேறுபாடு கவனிக்க வேண்டும். அடியில் மட்டும் அலுமினிய வட்டு ஒட்டிய "சாண்ட்விச் அடி" பாத்திரமும் கிட்டத்தட்ட இதே பேச்சோடு விற்கப்படுகிறது. அதில் வட்டு முடிந்து மெல்லிய சுவர் தொடங்கும் இடத்தில், அடியைத் தாண்டி மேலேறும் தீ நேராகப் படுவதால் குழம்பு வளையமாகக் கருகும். பர்னரை அடியைவிடச் சிறிதாக எரியவிட்டால் தப்பிக்கலாம். பருப்பு வேகவைக்கவும் ரசம் வைக்கவும் சாண்ட்விச் அடியே போதும். தொக்கு, கேசரி, பாயசம் கிளற முழு டிரைப்ளை வேண்டும். அடியில் செம்பு பூசிய பாத்திரத்துக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். அந்தப் பூச்சு சூட்டைப் பரப்ப முடியாத அளவுக்கு மெல்லியது.

எவர்சில்வரில் ஒட்டுகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் அவசரம். காலிச் சட்டியை மிதமான தீயில் இரண்டு நிமிடம் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு "சுர்" என்று வற்றினால் இன்னும் சூடு வேண்டும். பாதரசம்போல் உருண்டு ஓடினால் தீயைக் குறைத்து எண்ணெய் விட்டு, கால் நிமிடம் கழித்துக் காயைப் போடலாம். போட்டதும் புரட்டக் கூடாது. அடி சிவந்த பிறகு அது தானே விட்டுக்கொடுக்கும். பாலுக்கு வேறு உபாயம்: பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் அப்படியே பாலை ஊற்றி, மிதமான தீயில் வைக்க வேண்டும்.

உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகு போடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் போட்ட கல்லுப்பு அடியில் தங்கி, படலத்தைத் துளைத்து, ஊசிமுனை அளவுக் குழிகளை உண்டாக்கும். அவை தேய்த்துப் போகாது. வானவில் நிறக் கறையோ வெள்ளைத் திட்டோ வந்தால் கவலை வேண்டாம். எலுமிச்சைத் தோலும் புளிச் சக்கையும் போக்கிவிடும். கருகிய அடிக்கு ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவும் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம்.

இரும்பு: வாங்குவது பாதி, பழக்குவது மீதி

இருப்புச்சட்டி என்ற பெயரே அதன் உலோகத்தைச் சொல்கிறது. இன்றைக்கு அலுமினியத்தையும் நான்ஸ்டிக்கையும்கூட அதே பெயரால் அழைக்கும் வீடுகள் உண்டு, ஆனால் அந்தப் பெயர் இரும்பில்தான் பிறந்தது. முதல் சமையலறையில் கட்டாயம் இடம்பெற வேண்டியவை இரண்டு இரும்புச் சாமான்கள்: தோசைக்கல், வாணலி.

இரும்பிலும் இருவகை. உருக்கி வார்த்த வார்ப்பிரும்பு கனமானது, மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பு, சூடேற ஐந்தாறு நிமிடம் ஆகும், கீழே விழுந்தால் உடையும். தகட்டிரும்பு இலேசானது, சீக்கிரம் சூடேறும், விழுந்தால் நெளியும், உடையாது. தோசைக்கு வார்ப்பிரும்பு நல்லது; தினமும் தூக்கிக் கவிழ்த்து வழிக்கும் வாணலிக்குத் தகட்டிரும்பு வசதி. 10 முதல் 11 அங்குலத் தோசைக்கல் இருவருக்குப் போதும். அதற்கு மேல் போனால் வீட்டுப் பர்னரின் தீ ஓரத்துக்கு எட்டாது, நடுவில் கருகி ஓரத்தில் வேகாத தோசைதான் கிடைக்கும்.

புதுக் கல் துருப்பிடிக்காமலிருக்கக் கடையில் அதன்மேல் எண்ணெயோ மெழுகோ கருப்புப் பூச்சோ தடவியிருப்பார்கள். அதைப் போக்காமல் சமைத்தால் முதல் மாதம் முழுக்கக் கருப்பு வந்துகொண்டிருக்கும். சுடுதண்ணீர், சோப்பு, கம்பி நார் கொண்டு தேய்த்து, துணியால் துடைத்தால் கருப்பு ஒட்டாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைப்பது நம் வீடுகளின் வழக்கம். தண்ணீரைத் தினம் மாற்றித் தேய்த்துக் கழுவுவார்கள். இதில் பொருள் இருக்கிறது. புளித்த கழுநீரின் மென்மையான அமிலம், தேய்த்தாலும் போகாத துருவையும் அழுக்கையும் இளக்கிவிடுகிறது. ஆனால் இது சுத்தம் செய்யும் வேலை மட்டுமே. கல்லைப் பழக்குவது எண்ணெய்.

கழுவிய கல்லை அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போகக் காயவைத்து, கால் தேக்கரண்டி எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் துணியால் தடவுங்கள். பிறகு வேறொரு உலர்ந்த துணியை எடுத்து, தடவியதையெல்லாம் துடைத்தெடுப்பதுபோல் துடையுங்கள். கல்லில் எண்ணெய் இருப்பதே தெரியக் கூடாது. மிதமான தீயில் புகை வந்து அடங்கும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு ஆறவையுங்கள். இதே வேலையை நான்கைந்து முறை செய்தால் சாம்பல் நிறம் போய்ப் பழுப்பாகிக் கருப்பாகும். சூட்டில் எண்ணெய் காற்றோடு கலந்து கெட்டியாகி, வார்னிஷ்போல் இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாத தோசைக்குக் காரணம் இந்தப் படலமே.

பழக்கும்போது தவறும் இடங்கள் இரண்டு. எண்ணெயைத் தாராளமாக விட்டால் அது கெட்டியாகாமல் பிசுபிசுப்பாக நிற்கும், பிறகு தோலுரியும். தேய்த்தெடுத்துத் திரும்பவும் தொடங்க வேண்டியதுதான். இரண்டாவது, எண்ணெய்த் தேர்வு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் நன்றாகப் படலம் கட்டும். தேங்காய் எண்ணெயும் நெய்யும் அவ்வளவாகக் கட்டா. அவற்றின் கொழுப்பு சூட்டில் எளிதில் மாறாத வகை.

பழக்கிய கல்லில் முதல் நாளே முறுகல் தோசைக்கு ஆசைப்படாமல், எண்ணெய் தாராளமாக விட்டு நான்கைந்து ஊத்தப்பம் வார்ப்பது நல்லது. பாதியாக வெட்டிய வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்த பிறகு ஒவ்வொரு தோசையையும் வார்க்க வேண்டும். மாவை ஊற்றித் தேய்க்கும்போது அது கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வந்தால் கல் அதிகம் காய்ந்திருக்கிறது, பரப்புவதற்குள் அடிமாவு வெந்துவிடுகிறது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். மாவு சுலபமாகப் பரவி, பிறகு எடுக்கவே வராமல் ஒட்டினால் சூடு போதவில்லை.

தோசைக்கல்லில் சப்பாத்தி போடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பிடிவாதம் அல்ல. எண்ணெய் இல்லாத காய்ந்த சூட்டில் கல் தோசைச் சூட்டைத் தாண்டிப் போகும். படலம் எரியும், உதிர்ந்த கோதுமை மாவு கருகி ஒட்டும். மறுநாள் தோசை பிய்ந்துதான் வரும். இரண்டுக்கும் தனித்தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்திக்கு மலிவான தகட்டிரும்புத் தவா போதும்.

வாணலியையும் இதே முறையில் பழக்க வேண்டும். உருளைக்கிழங்கு வறுவல், வெண்டைக்காய், கோழி வறுவல், அப்பளம், தாளிப்பு எல்லாம் இதில் சிறப்பாக வரும். வாழைப்பூ, வாழைக்காய், கத்தரிக்காய் இவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கும். கேடில்லை, பார்க்க நன்றாக இருக்காது. புளிக்குழம்பையும் தக்காளித் தொக்கையும் இதில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் கட்டிவைத்த படலம் கரைந்து, குழம்பில் இரும்பு வாடை ஏறும். எதைச் சமைத்தாலும் சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் இரும்புச்சத்து கூடும் என்பது உண்மை. இரத்தசோகை உள்ளவர்களுக்கு அது உதவும். தலசீமியா போன்ற நோயால் உடம்பில் இரும்பு சேர்கிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே பயன்படுத்த வேண்டும்.

கழுவியதும் துணியால் துடைத்து, அடுப்பில் ஒரு நிமிடம் காட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் துரு வராது. கொஞ்சம் சோப்புப் பட்டால் படலம் போய்விடாது. தொட்டியில் இரவு முழுக்க ஊறினால்தான் போகும். பாத்திரம் தேய்க்க ஆள் வரும் வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுக்கு எண்ணெய்த் தடவல் ஒருநாள்கூடத் தவறக் கூடாது.

அலுமினியம்: பயமும் அலட்சியமும் வேண்டாம்

அலுமினியத்தைப் பற்றிய அச்சம் அளவுக்கு மீறியது. அதன் மலிவு மீதான நம்பிக்கையும் அப்படித்தான். அலுமினியம் கரைந்து உணவில் சேர்வது உண்மை, அதிலும் புளி, தக்காளி, மோர் போன்றவற்றில். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு 2011-இல் வகுத்த வரம்பு, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவருக்கு 120 மில்லிகிராம். எல்லா உணவிலிருந்தும் சேர்வதைக் கணக்கிட்ட வரம்பு இது. புளியைக் கொதிக்கவிடாமலும், சமைத்ததை அதிலேயே வைக்காமலும் இருந்தால் பாத்திரத்தின் பங்கு சிறிதுதான்.

அலுமினியக் குக்கரை வாங்கலாமா என்ற கேள்விக்குச் சுலபமான விடை உண்டு. குக்கருக்குள் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்துச் சோறும் பருப்பும் வேகவைக்கும் வீட்டில், உணவு அலுமினியத்தைத் தொடுவதே இல்லை. அலுமினியம் சூட்டைப் பரப்புகிறது, உணவு எவர்சில்வரில் இருக்கிறது. டிரைப்ளைக்கு ஏறத்தாழச் சமமான ஏற்பாடு, குறைந்த விலையில். நேரடியாகக் குக்கரிலேயே பிரியாணியும் சாம்பாரும் வைப்பவர்கள் டிரைப்ளை அல்லது எவர்சில்வர்க் குக்கர் வாங்குவது நல்லது. ஒரே அடுக்குக்கு 3 லிட்டர் போதும். பருப்பின்மேல் அரிசியை அடுக்க நினைத்தால் 5 லிட்டர். பருப்பையோ அரிசியையோ நேராகப் போட்டால் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு எல்லை. நுரைத்து எழும்பும் பருப்பு வெயிட் வைக்கும் குழாயை அடைத்துக்கொள்ளும். மூடும் முன் அந்தக் குழாய் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

குக்கர் அடியும் இட்லிப் பானையும் கறுத்துப்போவது நம் தண்ணீரின் காரத்தன்மையால். பிழிந்த எலுமிச்சை மூடியையோ கொஞ்சம் புளிச் சக்கையையோ அந்தத் தண்ணீரில் போட்டால் கறுக்காது. எவர்சில்வருக்குச் சொன்ன ஆப்ப சோடாவை அலுமினியத்தின் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அது மேற்பரப்பைத் தின்றுவிடும்.

ஹார்டு அனோடைஸ்டு என்பது, அலுமினியத்தின் இயற்கையான ஆக்சைடு படலத்தை மின்சாரத்தால் தடிமனாக்கியது. கருஞ்சாம்பல் நிறம், நல்ல கடினம், புளியை ஓரளவு தாங்கும். நான்ஸ்டிக் பூச்சு தனியாகச் சேர்த்தால் தவிர இது ஒட்டாத பாத்திரம் ஆகாது.

கவலைப்பட வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த, பெயரும் முத்திரையும் இல்லாத அலுமினியச் சட்டிகளிலும், இண்டாலியம் என்ற அலுமினியக் கலவையாலான சட்டிகளிலும் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அலுமினியம், பித்தளை, இண்டாலியத்தாலான சில இறக்குமதிப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கசியலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும்தான் அது மிகவும் தாக்கும். தெருவோரத்தில் எடைக்கு விற்கும் கனமான வார்ப்புச் சட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும், முத்திரை இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நான்ஸ்டிக்

ஒரே ஒரு சிறிய நான்ஸ்டிக் தவா முட்டைக்கும் அவசரத் தோசைக்கும் உதவும். அதற்கு மேல் தேவையில்லை. டெஃப்லான் எனப்படும் பூச்சு 260 டிகிரி வரை நிலையாக இருக்கும். 350-ஐத் தாண்டினால் சிதைந்து, காய்ச்சலும் இருமலும் தரும் புகை வரும். வீட்டில் வளர்க்கும் பறவைகளைக் கொன்றுவிடும் அளவுக்குக் கடுமையானது. காலித் தவா பெருந்தீயில் சில நிமிடங்களிலேயே அந்த எல்லையை நெருங்கிவிடும். தவாவைப் புகையக் காயவைத்துத் தண்ணீர் தெளித்துப் பார்க்கும் நம் கைப்பழக்கம் இரும்புக்கு உரியது. நான்ஸ்டிக்கில் அதுவே ஆபத்து. எண்ணெயை முதலில் விட்டு, மிதமான தீயில், மரக்கரண்டியோடு பயன்படுத்தினால் இரண்டு மூன்று ஆண்டுகள் வரும். கிரானைட், ஸ்டோன் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அலுமினியத்தின்மேல் புள்ளியிட்ட இதே பூச்சுதான். செராமிக் பூச்சு அதிகச் சூட்டைத் தாங்கும், வழவழப்பு மட்டும் சீக்கிரம் போய்விடும். பூச்சு உரியத் தொடங்கியதும் தவாவை மாற்றிவிட வேண்டும்.

மண்சட்டியும் கல்சட்டியும்

மீன்குழம்பு வைக்கும் வீட்டில் மண்சட்டி இல்லாமல் முடியாது. புளியால் அதற்கு ஒன்றும் ஆகாது, மெதுவாகச் சூடேறுவதால் மீன் உடையாது, இறக்கிய பிறகும் குழம்பு சுண்டிக்கொண்டே இருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரை மண்பாண்டம் முதல் உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைப்பதுவரை எதை வாங்கினாலும் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாகச் சுட்டது, மொத்தையான ஒலி வந்தால் விரிசல். பளபளப்பான வண்ணப் பூச்சுள்ளதைச் சமையலுக்கு வாங்க வேண்டாம், அந்தப் பூச்சில் காரீயம் இருக்கக்கூடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, வடித்த கஞ்சியை ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட்டு, அது ஆறும்வரை அப்படியே விடுங்கள். மண்ணின் நுண்துளைகளைக் கஞ்சியின் மாவுப்பசை அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று முறை செய்தால் கசிவு நிற்கும். சோப்பு போடக் கூடாது. துளைகளில் இறங்கிய சோப்பு அடுத்த குழம்பில் வெளிவரும். கடலைமாவும் தேங்காய் நாரும் சுடுதண்ணீரும் போதும்.

சேலம் பக்கம் மாக்கல்லில் செதுக்கும் கல்சட்டி வத்தக்குழம்புக்கும் கீரைக்கும் ஈடில்லாதது. ஆனால் பொறுமை வேண்டும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் உள்ளும் புறமும் தடவி மூன்று நாள், பிறகு வெதுவெதுப்பான கஞ்சி ஊற்றி நாலைந்து நாள், அதன்பின் சிறுதீயில் தண்ணீர் கொதிக்கவிட்டு, கடைசியில்தான் சமையல். சூடான கல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலும், காலியாகப் பெருந்தீயில் வைத்தாலும் விரிசல் விடும். இறக்கிய பின்னும் சில நிமிடம் கொதிக்கும் என்பதால் ஐந்து நிமிடம் முன்பே அடுப்பை அணைத்துவிடலாம். மண்சட்டியும் கல்சட்டியும் இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யா.

ஈயச்சொம்பை முதல் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ரசத்துக்கு அது தரும் ருசியை மறுக்க முடியாது. ஆனால் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் இல்லாமல் ஒரு நிமிடம் அடுப்பில் மறந்தால் சொம்பின் அடி ஒழுகும். அதைவிடப் பெரிய பிரச்சினை, வெள்ளீயத்தில் காரீயம் கலந்திருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. பரிசோதனைச் சான்றோடு விற்பவர் கிடைத்தால் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். பாட்டி தந்த வெண்கலப் பானை இருந்தால் அதில் பொங்கல் வையுங்கள், புளி சேர்க்காதீர்கள். பித்தளையாக இருந்தால் உள்பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, சுத்த வெள்ளீயத்தால் பூசித் தருகிறவரிடம் கொடுத்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். ரேடியோ ரிப்பேருக்குப் பற்றவைக்கும் ஈயத்தில் காரீயம் உண்டு, அது சமையல் பாத்திரத்துக்கு ஆகாது.

இருவர் உள்ள வீட்டுக்கு

முதல் வாரம் ஐந்து உருப்படிகளோடு சமையலைத் தொடங்கிவிடலாம்: 5 லிட்டர் குக்கரும் அதனுள் அடங்கும் இரண்டு எவர்சில்வர் பாத்திரங்களும், 10 அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல், 24 செ.மீ. தகட்டிரும்பு வாணலி, குழம்புக்கு 2 லிட்டர் டிரைப்ளை, பாலுக்கும் ரசத்துக்கும் ஒன்றரை லிட்டர் சாண்ட்விச் அடிப் பாத்திரம். கூடவே இரும்பில் ஒரு சிறிய தாளிப்புக் கரண்டி. பணம் குறைவாக இருந்தால் தோசைக்கல்லிலும் வாணலியிலும் மிச்சம் பிடியுங்கள், அவை மலிவானவை, சாதாரணக் கடையில் வாங்கியதும் பழகினால் நன்றாகிவிடும். குக்கரிலும் குழம்புப் பாத்திரத்திலும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இட்லிப் பானையும் மண்சட்டியும் இரண்டாவது மாதம் வரட்டும். அதற்குள் உங்கள் அடுப்பின் தீ எவ்வளவு, தண்ணீர் எப்படி, வீட்டில் மீன் எத்தனை நாள், இட்லி எத்தனை நாள் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். வாடகை வீட்டில் இண்டக்‌ஷன் மட்டும்தான் என்றால் எல்லாவற்றின் அடியும் தட்டையாக, காந்தம் ஒட்டுவதாக இருக்க வேண்டும். வட்ட அடி வாணலி அதில் நிற்காது. வார்ப்பிரும்புக் கல்லை இண்டக்‌ஷனில் குறைந்த அளவில் தொடங்கி ஐந்து நிமிடம் மெல்லச் சூடேற்ற வேண்டும். எடுத்த எடுப்பிலேயே முழு வேகம் கொடுத்தால் நடுப்பகுதி மட்டும் விரிந்து கல் வெடிக்கக்கூடும்.

வாங்கும்போது பாத்திரத்தைக் கடை மேசைமேல் வைத்து அழுத்திப் பாருங்கள், ஆடக் கூடாது. கைப்பிடி ஆணி அடித்ததா, பற்றவைத்ததா என்று பாருங்கள். தினமும் தூக்கும் கனமான பாத்திரத்துக்கு ஆணியே உறுதி. வாணலிக்கும் குழம்புப் பாத்திரத்துக்கும் ஒரே மூடி பொருந்தும்படி விட்டம் பார்த்து வாங்கினால் ஒரு மூடி மிச்சம்.